வல்லவன் என்று சொல்லும் உரிமை
யோகி பி – நட்சத்ரா குழுவின் சொல்லிசை: ஒரு திறனாய்வு

தோற்றுவாய்

குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயரை நாம் அறியோம். அப்பாட்டில் அமைந்த ஓர் உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயனீரார் என்று வழங்குகிறோம். அவர் பாடியனவாக நமக்குக் கிடைத்தவை ஐந்தே அடிகள். ஆயினும் சங்கப் பாக்களுள் மிகுதியாக எடுத்தாளப்படுவனவற்றுள் அப்பாட்டும் ஒன்று. எத்தனை பாடினார் என்பதைக் கொண்டு புலவரை மதிப்பது தமிழ் மரபன்று. பாடியது நின்றதா என்பதே கேள்வி. ஒரே ஒரு பாட்டால் நிலைபெற்றோர் பலர் தொகை நூல்களில் உள்ளனர்.

இவ்வளவுகோலை நெஞ்சிற்கொண்டு, நம் காலத்துப் பாட்டுக் குழு ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மலேசியாவில் 2006-ஆம் ஆண்டு 'வல்லவன்' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டு, சில ஆண்டுகளிலேயே பிரிந்து தத்தம் வழியே சென்ற யோகி பி – நட்சத்ரா குழுவே அது. ராப் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. சங்கத்தின் இலக்கிய மலரில் இதற்கு என்ன இடம் என்று அவர்கள் வினவினால், அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை நம் இல்லங்களிலேயே இருக்கிறது.

வைட்ஃபீல்டிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் பயில்கின்றனர். தமிழ் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் திணறுவோர் அவர்களுள் பலர். அப்பிள்ளைகளுள் சிலர், காதால் கேட்ட தமிழ்ச் சொல்லிசைப் பாட்டைச் சொல் பிறழாமல், மூச்சு முட்டாமல், விரைவு குன்றாமல் ஒப்புவிக்கின்றனர். எழுத்து வாராத நாவில் சொல் இவ்வளவு சரளமாக வந்தது எப்படி? புலம்பெயர்ந்தோர் மொழி எவ்வாறு வாழும், எவ்வாறு தேயும் என்று கவலைகொள்வோர் இவ்வினாவைப் புறக்கணித்தல் இயலாது.

சொல்லிசை பிறந்த கதை

ஹிப்-ஹாப் என்னும் கலை புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்றில் பிறந்தது. 1967-இல் ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டனிலிருந்து நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்கு வந்து சேர்ந்தவர், பின்னாளில் கூல் ஹெர்க் எனப் பெயர்பெற்ற இளைஞர். 1973 ஆகஸ்டு 11 அன்று, தாம் வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கூடத்தில் அவருடைய தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் அவர் இசைத்தட்டுகளை இயக்கினார். பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை இரண்டு தட்டுகளின் துணைகொண்டு மீண்டும் மீண்டும் நீட்டுவது அவர் கண்ட முறை. அவ்வாறு நீண்ட தாளத்தின்மேல் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொற்களை அடுக்கிப் பேசியவர்கள் ராப் கலையை வளர்த்தனர்.

இதன் பொருளாதாரத்தை நோக்குக. இசைக்கருவி வாங்க வசதியில்லை. இசைக்குழு வைக்கப் பணமில்லை. பிறர் வெளியிட்ட பழைய தட்டுகள் மட்டும் இருந்தன. ஆகவே இசை இரவலாயிற்று, சொல் சொந்தமாயிற்று. ராப் என்பதற்குச் 'சொல்லிசை' என்னும் பெயர் மிகப் பொருத்தமானது. சொல் முன்னே நிற்க, இசை பின்னே வரும் கலை இது. ஆதலின் இதனை மதிப்பிடும் பொறுப்பில் இசை அறிஞர்க்குள்ள பங்கு இலக்கியத் திறனாய்வாளர்க்கும் உண்டு.

தமிழ்த் திரைக்கு ராப் புதிதன்று. 1994-இல் வெளிவந்த 'காதலன்' படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'பேட்டை ராப்' பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. சென்னையின் பேட்டைப் பேச்சையும் தேனி குஞ்சரம்மாளின் நாட்டுப்புறக் குரலையும் ராப்பின் தாளத்தோடு இணைத்த அரிய முயற்சி அது. எனினும் அது படத்தின் பல பாட்டுகளுள் ஒன்று. விருந்தின் நடுவே வைத்த ஊறுகாய். சொல்லிசை ஒன்றையே உணவாகப் படைக்கலாம் என்று துணிந்த முழுத் தொகுப்பு வருவதற்கு மேலும் 12 ஆண்டுகள் ஆயின. அது வந்ததும் சென்னையிலிருந்தன்று. கடல் கடந்து, கோலாலம்பூரிலிருந்து.

குழுவும் சூழலும்

மலேசியத் தமிழரின் வரலாறு இரப்பர்த் தோட்டங்களின் வரலாறு. ஆங்கிலேயர் ஆட்சியில் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழியினர், தோட்டத்தின் குடியிருப்பிலும் கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் தம் மொழியைக் காத்தனர். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அம்மக்கள் நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். ஆக, அவர்கள் பெயர்வு இருமுறை நிகழ்ந்தது: முதலில் நாட்டை விட்டு, பிறகு தோட்டத்தை விட்டு. நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு பேர் அளவே இந்திய வம்சாவளியினர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அந்நாட்டில் இன்றும் 500-க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இயங்குகின்றன என்பதை நினைவிற்கொண்டால், நட்சத்ரா வானத்திலிருந்து விழுந்த குழு அன்று என்பது புலனாகும். அதற்கு அடியில் ஒரு மொழிக்களம் இருந்தது.

யோகி பி, 1990-களில் மலேசியாவில் புகழ்பெற்ற 'பொயட்டிக் அம்மோ' குழுவினருள் ஒருவர். 1998-இல் வந்த அக்குழுவின் முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீசு ஆகிய நான்கு மொழிகளும் இடம்பெற்றன. பல்லினம் வாழும் நாட்டின் இயல்பான வெளிப்பாடு அது, பாராட்டத் தக்கதே. ஆயினும் அங்கே தமிழ் நான்கு பங்காளிகளுள் ஒருவர். பிறகு யோகி பி, டாக்டர் பர்ன், எம்சீ ஜெஸ் ஆகிய இளையோர் இருவருடன் சேர்ந்து 'வல்லவன்' தொகுப்பை உருவாக்கியபோது தமிழே வீட்டின் உரிமையாளர் ஆயிற்று. முன்பே புகழ் ஈட்டிய கலைஞர் ஒருவர் நான்கு மொழிச் சந்தையை விட்டு நூற்றுக்கு ஏழு பேரின் மொழிக்குள் வந்ததை வணிகக் கணக்கு ஒப்புக்கொள்ளாது. அந்தத் துணிவே இக்குழுவின் வாழ்வில் முதற்கண் குறிக்கத் தக்க செய்தி.

'மடை திறந்து'

தொகுப்பில் பெரும்புகழ் பெற்ற பாட்டு 'மடை திறந்து'. இதன் மூலம் 1980-இல் பாரதிராஜா இயக்கி வெளிவந்த 'நிழல்கள்' படத்தில் உள்ளது. வாலியின் சொல், இளையராஜாவின் இசை, எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல். நட்சத்ரா குழுவினர் அப்பாட்டின் மெட்டைப் பல்லவியாக நிறுத்தி, அடியில் புதிய தாளத்தைப் பதித்து, இடையே தம் சொல்லடுக்குகளைப் பொழிந்தனர். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் மேலைநாடுகளிலும் வாழும் தமிழிளைஞர் இக்குழுவை அறிந்தது இப்பாட்டினாலேதான்.

பழம்பாட்டைக் கெடுத்துவிட்டனர் என்று அன்று சிலர் வருந்தியதுண்டு. அவ்வருத்தத்தை மதிக்கின்றோம். ஆனால் எந்தப் பாட்டைத் தேர்ந்தனர் என்பதை நோக்க வேண்டும். படத்தில் அப்பாட்டு, வாய்ப்புத் தேடி அலையும் இசைக்கலைஞன் ஒருவனின் கனவு. எவரும் அறியாத ஒருவன், தன் இசை உலகை ஆளும் நாளைக் கற்பனையில் காண்கிறான். 1980-இல் சென்னையில் வாய்ப்பற்றுத் திரிந்த பாத்திரத்தின் கனவை, 2006-இல் சென்னை அறியாத மலேசிய இளைஞர் மூவர் தமதாக்கிக்கொண்டனர். மெட்டு இரவல், அம்மெட்டில் உறைந்த ஏக்கம் அவர்களுக்கும் சொந்தம். இது வெறும் மறுகலவையாக நில்லாமல் ஒரு வகை உரைநூலாக ஆகிறது. மூலத்தில் கனவாக இருந்ததை அவர்கள் அறிவிப்பாக மாற்றினர். அவன் 'ஆவேன்' என்று கண்ட கனவுக்கு இவர்கள் 'ஆனோம்' என்று உரை எழுதினர்.

யோகி பியின் கனத்த குரல் தாளத்தின்மேல் காலூன்றி நிற்க, இளையோர் குரல்கள் அதனைச் சுற்றி விரைந்து ஓடுகின்றன. வில்லுப்பாட்டில் புலவரும் பின்பாட்டுக்காரரும் வாங்கிப் பாடுவதைக் கேட்டுப் பழகிய செவிக்கு இந்தப் பங்கீடு அயலாகத் தோன்றாது.

எதுகையும் இயைபும்

இனி யாப்பு நோக்கில் சில கூறுவோம். ஆங்கில ராப் பெரும்பாலும் அடியின் இறுதியில் வரும் ஒலியொற்றுமையை நம்பி நிற்பது. நம் யாப்பிலக்கணம் அதனை இயைபு என்று கூறும். ஆங்கிலத்தில் இறுதி ஒலி ஒத்த சொற்களைத் தேடிப் பிடிப்பது உழைப்பு. தமிழிலோ வினைமுற்று அடியின் இறுதியில் நிற்பது இயல்பு. அதன் விகுதி பால் இடங்களுக்கேற்ப ஒன்றாகவே வரும். வந்தேன், நின்றேன், வென்றேன் என்று எவரும் அடுக்கலாம். இங்கு இயைபை இலக்கணமே இலவசமாகத் தந்துவிடுகிறது. புலவன் செய்தது ஒன்றுமில்லை. தமிழ்ச் சொல்லிசையில் சலிப்பூட்டும் பாட்டுகள் அனைத்தும் இந்த இலவசத்தில் மயங்கியவை எனலாம்.

தமிழ்ப் புலவர் தம் திறனை அடியின் தலையிலே காட்டினர். முதலெழுத்து ஒன்றிய மோனையும் இரண்டாம் எழுத்து ஒன்றிய எதுகையும் சொல்வளம் உடையார்க்கே கைவரும். நல்ல தமிழ்ச் சொல்லிசையைக் கேட்டுப் பாருங்கள்: தாளத்தின் முதல் அடி விழும் இடத்தில் எதுகை விழுகிறது, நடுவே வல்லின ஒற்றுகள் இரட்டித்துப் பறைபோல் ஒலிக்கின்றன. க்க, ட்ட, ப்ப, ற்ற என்னும் ஒலிகள் தாளக் கருவி இல்லாமலே தாளம் தருவன. இந்த இயல்பைக் காதால் உணர்ந்து பயன்படுத்தியதே நட்சத்ரா குழுவின் கலைச் சாதனை. அமெரிக்கப் பாணியைத் தமிழ்ச் சொல்லில் நிரப்பியதோடு அவர்கள் நிற்கவில்லை. தமிழ் ஒலியின் எடையை அறிந்து அதற்கேற்ப மூச்சை வகுத்தனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அருணகிரிநாதரே முதல் ராப் பாடகர், காளமேகத்தின் வசைக்கவியே ராப் போட்டியின் தாய் என்றெல்லாம் மேடையில் முழங்கிக் கைதட்டல் பெறுவது எளிது. திருப்புகழின் சந்தமும், ஆசுகவியின் விரைவும், தஞ்சை வட்டாரத்தில் எரிந்த கட்சி எரியாத கட்சி என இருபுறம் அமர்ந்து பாடிய லாவணியும் நம் பெருஞ்செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்புமை வேறு, பிறப்பு வேறு. சொல்லிசை பிறந்தது கறுப்பின மக்களின் வறுமையில். அதனை நாம் வரவேற்றோம், பெற்றோம் அல்லோம். விருந்தினரை நம் வீட்டுப் பிள்ளை என்று பொய்ச்சான்று காட்டாமல், நம் வீட்டு உணவை அவர் எவ்வளவு விரும்பி உண்டார் என்று கூறுதலே நேர்மை.

தற்புகழ்ச்சியும் நன்னூலும்

சொல்லிசையின்மேல் சான்றோர் சாட்டும் முதற் குற்றம் தற்புகழ்ச்சி. நானே சிறந்தவன், என்னை வெல்வார் எவருமிலர் என்னும் பேச்சு இக்கலையில் மிகுதி. தொகுப்பின் பெயரே 'வல்லவன்' என்றிருக்க, வழக்கை நேராக விசாரிப்பதே முறை. நமக்கு வழக்குமன்றமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் இதனை ஆராய்ந்துள்ளார். எவ்வளவு அரிய நூலைச் செய்து முடித்திருப்பினும் ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது அவர் வகுத்த பொதுவிதி. அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குகளைத் தருகிறார்: அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த விதி சொல்லிசைக்கென்றே எழுதியதுபோல் அமைந்திருப்பதை என்னென்பது!

இவ்விதியை 'வல்லவன்' தொகுப்போடு பொருத்திக் காண்போம். மலேசியத் தமிழிளைஞர் சொல்லிசை செய்வர் என்பதை 2006-இல் தமிழுலகம் அறியாது. ஆற்றலை அறியாதாரிடையே நின்றனர். இரண்டாம் விலக்கு பொருந்துகிறது. நகரோரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்த அந்நாட்டுத் தமிழிளைஞர்க்கு முரடர் என்னும் பழியும் பெயரோடு ஒட்டியிருந்தது. நான்காம் விலக்கும் பொருந்துகிறது. தொகுப்பு வெளிவந்த மறு ஆண்டு, 2007 நவம்பர் 25 அன்று, கோலாலம்பூர்த் தெருக்களில் ஆயிரக்கணக்கான இந்திய வம்சாவளியினர் தம் உரிமை கோரித் திரண்டனர். பாட்டினால் பேரணி வந்தது என்று கூறுவது மிகை. ஆயினும், எங்களுக்கும் ஆற்றல் உண்டு என்று உரக்கச் சொல்ல வேண்டிய தேவை அச்சமூகத்தில் நிறைந்திருந்தது என்பதற்கு இரண்டும் சான்று. ஆகவே, மூவரும் வல்லவன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டது செருக்கன்று, உரிமை.

இதே அளவுகோல் பின்வந்த திரைப்பாட்டுகள் பலவற்றைக் கடுமையாகத் தண்டிக்கிறது. பெரும்புகழ் பெற்ற கதாநாயகன் திரையில் தோன்றும்போது பின்னணியில் ராப் முழங்குகிறது. அவனை அறியாதார் எவர்? பழித்தார் எவர்? எந்த அவையில் அவன் தோற்கும் நிலையில் இருக்கிறான்? நான்கு விலக்குகளுள் ஒன்றும் பொருந்தாத அப்புகழ்ச்சி வெறும் கூச்சலாகி விழுகிறது. எளியவன் கைத்தடியாகப் பிறந்த கலையை வலியவன் செங்கோலாக ஏந்தும்போது அதன் பொருள் போய்விடுகிறது.

பெங்களூரின் மச்சான்கள்

நாம் வாழும் நகரிலும் இதனோடு ஒப்பிடத் தக்க குழு ஒன்று தோன்றி மறைந்தது. நட்சத்ராவிற்குச் சில ஆண்டுகள் பின்னர், பெங்களூரின் ப்ரோதா வி, ஸ்மோக்கி தி கோஸ்ட், பிக் நிக் ஆகியோர் சேர்ந்து 'மச்சாஸ் வித் ஆட்டிட்யூட்' என்ற பெயரில் பாடினர். 1988-இல் வந்த தொகுப்பால் அமெரிக்காவை அதிரவைத்து 1991-இல் சிதறிப்போன காம்ப்டன் நகரின் என்.டபிள்யூ.ஏ. குழுவின் பெயரை ஒட்டி வேடிக்கையாக வைத்த பெயர் இது. முன்னோடிக் குழுவைப் போன்றே இதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை; உறுப்பினர் தனித்தனியே பெயர் பெற்றனர்.

பெயரின் முதற்சொல்லை நோக்குங்கள். மச்சான் என்பது நம் உறவுமுறைச் சொல். மனைவியின் உடன்பிறந்தானையும், அக்காள் கணவனையும், மாமன் மகனையும் குறிப்பது. பாசறை நகரமாக இருந்த காலத்தில் வந்த சிப்பாய்கள், வணிகர், தொழிலாளர் நாவில் இது பெங்களூருக்கு வந்தது. அல்சூர் முதலிய பகுதிகளின் தெருக்களில் வளர்ந்து, கல்லூரிகளுக்குள் நுழைந்து, இன்று எந்தத் தாய்மொழியினரும் நண்பனை 'மச்சா' என்று அழைக்கும் அளவுக்குப் பொதுச்சொல்லாகிவிட்டது. திருவள்ளுவர் சிலை இந்நகரில் 18 ஆண்டுகள் மூடுதுணிக்குள் காத்திருந்து 2009-இல் திறக்கப்பட்டது. மச்சான் என்ற சொல்லோ எவர் அனுமதியும் கேளாமல் நகர் முழுதும் உலவியது. மொழிகள் வாழும் வழிகளுள் இதுவும் ஒன்று என மகிழலாம்.

ஆனால் மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள இயலவில்லை. பெங்களூர்க் குழுவின் பெயரில் தமிழ்ச் சொல் இருந்தது. பாட்டின் பேச்சு ஆங்கிலத்தில் இருந்தது. 2012-இல் ப்ரோதா வி தனியே வெளியிட்டுப் புகழ்பெற்ற 'ஆத்ம ராமா'வில் பல்லவி இராமனைத் துதிக்கும் பஜனை. இடையிலே வரும் வாழ்க்கைக் கதை ஆங்கிலம். அக்கலைஞர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆங்கிலத்தில் அவர்தம் திறன் பெரிது, பல மொழி பேசும் நகரில் பொதுமொழியைத் தேர்வது இயற்கை. நாம் காட்ட விழைவது அப்பங்கீட்டை: வாதத்திற்கும் வாழ்க்கைக்கும் ஆங்கிலம், பக்திக்கும் பாசத்திற்கும் நம் மொழிகள்.

இந்தப் பங்கீடு நம் இல்லங்களில் இல்லையா? சாப்பிட்டாயா, படித்தாயா, தூங்கு, கும்பிடு என்பன நாம் பிள்ளைகளுக்குத் தரும் தமிழ். அன்பின் மொழியும் ஏவலின் மொழியும் அதில் உண்டு. பிள்ளை தன் தோழனிடம் பெருமை பேசும்போதும், கேலி செய்யும்போதும், விளையாட்டில் தோற்று வழக்கிடும்போதும், தன் கருத்தை நிலைநாட்டும்போதும் எம்மொழியைக் கையாளுகிறான்? பெரும்பாலும் தமிழை அன்று. ஏவலையும் பாசத்தையும் மட்டும் தாங்கும் மொழி ஒரு தலைமுறைக்குள் மச்சான் என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடும். பெருமையையும் சினத்தையும் எள்ளலையும் தாங்கும் மொழியே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். நட்சத்ரா குழுவினர் தமிழுக்கு மீட்டுத் தந்தது இந்தப் பயன்பாட்டையே. தமிழில் பெருமை பேசலாம், அதனை இளைஞன் வெட்கமின்றித் தெருவில் பேசலாம் என்று காட்டினர்.

குறைகள்

நிறையை மட்டும் கூறுவது திறனாய்வு ஆகாது. முதலாவது, இக்குழுவின் உலகம் ஆண்களின் உலகம். தோட்டத்துப் பெண்டிர் வியர்வையால் எழுந்த சமூகத்தின் பேச்சாளர் மூவரும் ஆண்களே. வல்லவள் ஒருத்தியின் குரல் அங்கே எழவில்லை. இரண்டாவது, சொல்லடுக்கின் விரைவு சில இடங்களில் பொருளை விழுங்கிவிடுகிறது. கேட்டு முடித்தபின் தாளம் நினைவில் நிற்க, சொன்னது யாது என்று தேட வேண்டியிருக்கிறது. மூன்றாவது, குழுவின் பெயரைச் சொன்னதும் நினைவிற்கு வருவது பிறர் மெட்டில் அமைந்த பாட்டு.

இம்மூன்றாம் குறை குழுவின் வாழ்நாளோடு தொடர்புடையது என்று கருதுகின்றோம். தமிழ்த் திரையுலகம் அவர்களைக் கண்டதும் கேட்டது, பழம்பாட்டுக்குப் புதுமெருகு. 2007-இல் வந்த 'பொல்லாதவன்' படத்தில், மெல்லிசை மன்னர் 1979-இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்திற்கு அமைத்த 'எங்கேயும் எப்போதும்' பாட்டின் மறுவடிவில் யோகி பி பாடினார். பாட்டு வென்றது. ஆனால் முழு உணவு சமைக்க வல்லவரைத் தாளிதம் செய்ய மட்டும் அழைத்தால், அடுப்படி நாளடைவில் அணைந்துபோகும். தனித்தமிழ் இசைத்தொகுப்புக்குத் திரையுலகிற்கு வெளியே சந்தை இல்லாத காலம் அது. ஒரு குழு நிலைப்பதற்குத் திறன் மட்டும் போதாது. அதனை வாங்கிக் கேட்கும் சமூகம் வேண்டும்.

பின்வந்தோர்

ஆயினும் மடை திறந்தபின் நீர் நிற்கவில்லை. கோவையைச் சேர்ந்த ஆதியும் அவர்தம் நண்பர் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் 2012-இல் தனித் தொகுப்பு வெளியிட்டுத் திரையிசைக்கு வந்தனர். 2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் ராப்பையும் சாதி எதிர்ப்பின் குரலாக்கியது. அதே ஆண்டு வந்த 'காலா' படத்தில், மும்பைத் தாராவியின் டோப்படெலிக்ஸ் குழுவினரும் யோகி பியும் பாடினர். தாராவித் தமிழரும் மலேசியத் தமிழரும் ஒரே படத்தின் இசையில் கூடியது தற்செயலாயினும் பொருள் நிறைந்தது. 2021-இல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி', இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் திரும்பிய பாட்டியின் நினைவை உலகெங்கும் கொண்டுசென்றது. நட்சத்ராவில் நாம் காணாத பெண்ணின் குரலும் தோட்டத்தின் கதையும் அங்கே வந்து சேர்ந்தன. இவர்கள் அனைவரும் நட்சத்ராவின் மாணாக்கர் அல்லர். எனினும் முழுத் தமிழில் இக்கலை இயலும் என்ற ஐயமின்மை அவர்களுக்கு எளிதாகக் கிடைத்ததற்குக் காரணம், முன்னே ஒரு தொகுப்பு வந்திருந்ததே.

முடிவுரை

சில ஆண்டுகள் ஒளிர்ந்த ஒரு குழு. அப்பெயரில் ஒரு தொகுப்பு. உலகத் தமிழர் நாவில் ஒரு பாட்டு. கணக்கிட்டால் சிறிது. ஆனால் புலம்பெயர்ந்த சமூகம் ஒன்று தாய்நாட்டிற்குப் புதிய கலைவடிவத்தைக் கற்றுத்தந்தது என்பது சிறிதன்று. தாய்நிலத்திலிருந்து பெறுவது மட்டுமே வெளியூர்த் தமிழர் கடன் என்று எண்ணி வந்தோம். திருப்பித் தரவும் இயலும் என்று கோலாலம்பூர் காட்டியது. வைட்ஃபீல்டு காட்ட இயலாதா?

சங்க அன்பர்க்கு ஒன்று கூறி அமைவோம். ஆண்டு விழாவில் திருக்குறள் ஒப்புவித்தல் தொடர்க. பேச்சுப் போட்டி தொடர்க. அவற்றோடு, பிள்ளைகள் தாமே தமிழில் எழுதித் தாளத்திற்குச் சொல்லும் சொல்லிசைக்கும் அரைமணி நேரம் ஒதுக்குக. பிறர் எழுதியதை ஒப்புவிக்கும் பிள்ளைக்கு நினைவாற்றல் போதும். தானே எதுகை தேடும் பிள்ளை அகராதியைத் திறக்கும். பாட்டியிடம் சொல் கேட்கும். எழுதிவைக்க வேண்டி எழுத்தைக் கற்கும். மேடையில் ஏறி, தமிழில், தன்னை வல்லவன் என்றோ வல்லவள் என்றோ அது சொல்லுமாயின் நாம் நகைக்க வேண்டா. ஆற்றலை அறியாதாரிடையே நிற்பவர்க்கு அவ்வுரிமை உண்டு என்று நன்னூலார் என்றோ எழுதிவைத்துவிட்டார்.